அறுவைக்குப் பின் எடுத்த ரத்தம்

மெலனோமா எனும் தோல் புற்றை அறுத்தெடுத்த பிறகு நோயாளியின் ரத்தத்தில் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு இறங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம்பிக்கை தரும் செய்திதான். கட்டி போயிற்று, அது கசியவிட்ட பொருளும் போயிற்று, இனி ரத்தத்தைப் பார்த்தே நோய் திரும்புகிறதா என்று சொல்லிவிடலாம் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். ரத்தம் எடுத்து, சுழற்றி, பிரித்து, அளந்து அறிக்கை எழுதும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தக் கணக்கை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அறுவைக்குப் பின் வரும் இறக்கம் பலவீனமான சாட்சி. மாதங்கள் கழித்து, அதே முறையில் எடுத்த ரத்தத்தில் தெரியும் ஏற்றத்துக்குத்தான் எடை அதிகம். இதை ஆராய்ச்சிக்கூடத்துக்குள் மட்டும் வைத்துப் பேசவும் முடியாது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் குளத்தூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை, எல்லை தாண்டினால் களியக்காவிளை என்று இந்தப் பக்கத்துச் சின்ன ரத்தச் சேகரிப்பு மையங்களில் ஊசி குத்துகிற கைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ. துண்டு. அது தானாக எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. புரதம் செய்யப் போகும் பெரிய ஆர்.என்.ஏ.க்களைத் தடுத்து, எது எவ்வளவு உண்டாக வேண்டும் என்பதை அடக்கி ஆள்கிறது. 1993-இல் ஒரு சிறு புழுவில் விக்டர் ஆம்ப்ராஸும் கேரி ரவ்கனும் இதன் இருப்பையும் செயலையும் வெளிக்கொண்டுவந்தார்கள். 2024-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். எங்கள் தொழிலைத் தொட்ட செய்தி 2008-இல் வந்தது. சியாட்டிலில் முனீஷ் திவாரியின் குழு உட்படப் பல குழுக்கள், இந்தத் துண்டுகள் செல்லுக்கு வெளியே ரத்தத் திரவத்திலும் கெடாமல் கிடக்கின்றன என்று காட்டின. ஆர்.என்.ஏ. என்றாலே ரத்தத்தில் நிமிட நேரத்தில் சிதையும் என்று படித்தவர்களுக்கு அது வியப்பு. ஆர்கோனாட் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டோ, செல்கள் உமிழும் நுண்பைகளுக்குள் அடங்கியோ அவை தப்பிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மிர் என்ற அடையாளத்தோடு ஓர் எண் உண்டு. அளக்கும் முறை கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான அதே ஆர்.டி.பி.சி.ஆர். தான். எத்தனையாவது சுற்றில் பொருள் தென்படுகிறது என்று சொல்லும் சி.டி. மதிப்பு ஒரு சுற்று குறைந்தால் பொருள் இரு மடங்கு இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு சுற்றுக்கு எவ்வளவு அர்த்தம் ஏற்றுகிறோம் என்பதில்தான் இந்தத் துறையின் வெற்றியும் தடுமாற்றமும் இருக்கின்றன.

மெலனோமாவில் அறுவைக்கு முன்னும் பின்னும் ரத்தம் பார்த்த ஆய்வுகளில் நமக்கு நெருக்கமானது ஜப்பானில் நடந்தது. குமமோட்டோவைச் சேர்ந்த மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில் 94 நோயாளிகளின் சீரத்தையும் நோயில்லாத 20 பேரின் சீரத்தையும் ஒப்பிட்டார்கள். மிர்-221 நோயாளிகளிடம் உயர்ந்திருந்தது. தொடர்ந்து பார்த்தவர்களிடம், முதல் கட்டியை அறுத்த பின் அது இறங்கும் போக்கும், நோய் திரும்பியபோது மறுபடி ஏறும் போக்கும் தெரிந்தன. நெருக்கமானது என்று சொல்லக் காரணம், ஜப்பானியரிடமும் நம்மைப் போலவே பாதத்திலும் நகத்தடியிலும் வரும் வகை அதிகம். பிறகு 2015-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்து ஏழு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் சேர்ந்த ஒரு தொகுதி முன்வைக்கப்பட்டது. அந்த ஏழில் மிர்-211 இருப்பதில் வியப்பில்லை. நிறமிச் செல்களில் இயங்கும் ஒரு மரபணுவின் உள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதே ஏழில் மிர்-16-உம் இருக்கிறது. மிர்-16 சிவப்பணுக்களில் குவிந்து கிடக்கும் பொருள். ரத்தம் எடுக்கும் ஆள் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்காருவார்.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் மிகையாக எடுத்துக்கொண்டாலும் 100 கோடி செல்கள். உடலில் 5 லிட்டர் ரத்தம். அந்தக் கட்டி தன்னிடம் உள்ளதை முழுவதும் ரத்தத்தில் கொட்டிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், நாம் எடுக்கும் 5 மில்லி குழாய்க்கு வரும் பங்கு 10 லட்சம் செல்களின் சரக்கு. அதே குழாயில் சிவப்பணுக்கள் 2,500 கோடி. அவற்றில் ஆயிரத்தில் ஒன்று உடைந்தால் 2.5 கோடி அணுக்களின் சரக்கு திரவத்தில் கலந்துவிடும். புற்றுச் செல் ஒன்றில் சிவப்பணுவைவிட ஆர்.என்.ஏ. அதிகம், அது ஓயாமல் உமிழ்ந்துகொண்டும் இருக்கிறது என்பது உண்மை. அதனால் இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் அதிகம் வரும் என்பது இதில் தெளிவாகிறது. திரவம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியத் தொடங்கும் முன்பே மிர்-451, மிர்-16 போன்றவை ஏறிவிடும். 2012-இல் பிரிட்சர்டும் உடனிருந்தவர்களும் திடக் கட்டிகளுக்கான அடையாளங்கள் என்று அதுவரை சொல்லப்பட்ட 79 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சோதித்தார்கள். அவற்றில் 46, ரத்த அணுக்களிலேயே மிகுதியாக உள்ளவை என்று கண்டார்கள். நூற்றுக்கு 58. புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு விடப்பட்ட எச்சரிக்கையாக அதை எழுதினார்கள். அதை முதலில் படித்திருக்க வேண்டியவர்கள் ரத்தம் எடுக்கும் நாங்கள்.

இது எல்லா ரத்தத்துக்கும் பொது. அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்ற ஒப்பீட்டில் இன்னும் நுட்பமான சிக்கல் சேர்கிறது. மெலனோமாவை வெட்டும்போது கட்டியை மட்டும் எடுப்பதில்லை. அதன் தடிமனைப் பொறுத்துச் சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கிறார்கள். முதல் நிணக்கணுவை எடுத்துப் பார்க்கிறார்கள். பாதமானால் தோல் ஒட்டும் வேலையும் உண்டு. அந்தக் காயம் ஆறுவதற்கே உடல் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பயன்படுத்துகிறது. மிர்-21, மிர்-31, மிர்-132 ஆகியவை தோல் காயம் ஆறுவதில் வேலை செய்பவை. தசை அடிபட்டால் மிர்-133-உம் மிர்-206-உம் ஏறும். கல்லீரல் மருந்தால் வாடினால் மிர்-122 ஏறும். அழற்சியில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை மாறும்போது மிர்-223-உம் மிர்-150-உம் அசையும். குமமோட்டோ ஆய்வின் மிர்-221 கூட ரத்தநாளத்தின் உட்சுவர்ச் செல்களில் உள்ளதுதான். நாளங்களை வெட்டித் தைத்த உடம்பில் அது என்ன செய்யும் என்று கேட்காமல் இருக்க முடியாது. அதனால் அறுவை முடிந்த முதல் சில நாட்களில் எடுத்த ரத்தம் பெரும்பாலும் காயத்தின் கதையைச் சொல்லும்.

இறக்கத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் கூடுதல். வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்குக் குளுக்கோஸும் சலைனும் ஏறிக்கொண்டிருக்கும், ரத்தம் நீர்த்திருக்கும். கால் அறுவைக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடுவது வழக்கம். கையில் செருகிய கேனுலாவைக் கழுவவும் சில இடங்களில் அதைப் பயன்படுத்துவார்கள். ஹெப்பாரின் பி.சி.ஆர். நொதியைத் தடுக்கும் பொருள் என்பது எங்கள் தொழிலில் முதல் வருடப் பாடம். அதனால்தான் இந்தச் சோதனைக்குப் பச்சை மூடிக் குழாயைத் தொடாமல் ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயை எடுக்கிறோம். ஆனால் குழாயில் இல்லாத ஹெப்பாரின் நோயாளியின் ரத்தத்திலேயே இருந்தால்? இதய நோயாளிகளிடம் ஹெப்பாரின் கொடுத்த பிறகு மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவுகள் இறங்கியதுபோல் பொய்யாகத் தெரிந்ததை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அங்கே எந்தக் கட்டியையும் யாரும் அறுக்கவில்லை. மெலனோமா அறுவைக்குப் பின் ஓர் இறக்கத்தைக் கண்டால், ஹெப்பாரினைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்து அதே மாதிரியை மறுபடி ஓட்டிப் பார்த்தீர்களா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு மாறாத பொருளை அளந்து அதோடு ஒப்பிட்டுத்தானே முடிவு சொல்கிறோம், ரத்தம் நீர்த்தாலும் நொதி தடைபட்டாலும் இரண்டும் ஒன்றாகவே இறங்கும், விகிதம் காப்பாற்றும் என்பார்கள். நீர்த்தல் விஷயத்தில் இது சரி. நொதித் தடை எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவில் பாதிக்காது; குறைவாக உள்ளது முதலில் காணாமல் போகும். அதைவிடப் பெரிய குறை, மாறாத பொருள் என்று பலர் தேர்ந்தது மிர்-16-ஐ. குழாயில் சிவப்பணு உடைந்தால் மாறாதது என்று நம்பியதே ஏறும். அதனோடு ஒப்பிட்ட எல்லாம் இறங்கியதாகத் தோன்றும். அளவுகோலே நீண்டுபோனால் துணி குறைந்ததாகத்தானே தெரியும். புழுவுக்கு உரிய மிர்-39-ஐ வெளியிலிருந்து தெரிந்த அளவில் சேர்ப்பது இன்னொரு வழி. ஆர்.என்.ஏ. பிரிக்கும்போது எவ்வளவு வீணாயிற்று என்று அது காட்டும். ஊசி முனையில் உடைந்த சிவப்பணுவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மிர்-39 கலந்தது அந்த உடைவுக்குப் பிறகுதான். சிவப்பணு உடைந்ததா என்று பார்க்க நல்ல வழிகள் இருக்கின்றன. பிளாஸ்மாவை 414 நானோமீட்டர் ஒளியில் வைத்து ஹீமோகுளோபின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கலாம். மிர்-23ஏ, மிர்-451 இரண்டின் சி.டி. மதிப்புகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு 7-ஐத் தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்கலாம். இந்த இரண்டையும் செய்து, ஒதுக்கிய மாதிரிகள் எத்தனை என்று எழுதாத ஆய்வை நான் பாதி ஆய்வாகவே படிக்கிறேன்.

இன்னொரு மறுப்பு, நூறு பேர் இருநூறு பேர் என்று எடுத்தால் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பது. தாறுமாறாக வரும் பிழை அப்படிப் போகும். ஒரே திசையில் சாயும் பிழை ஆட்கள் கூடக் கூட உறுதியாகும். அறுவைக்கு முன் ரத்தம் எடுப்பது வெளிநோயாளி பிரிவில், காலையில், வெறும் வயிற்றில், நாற்காலியில் உட்கார வைத்து, இந்த வேலையே செய்கிற ஆள், நேரடியாக நாளத்தில் ஊசி குத்தி. அறுவைக்குப் பின் எடுப்பது வார்டில், படுக்கையில், வேறு பத்து வேலைகளுக்கு நடுவே, பல நேரம் ஏற்கெனவே செருகிய கேனுலாவிலிருந்து. கேனுலாவழி எடுக்கும் ரத்தத்தில் சிவப்பணு உடைவது அதிகம் என்பது அவசரப் பிரிவுகளில் நன்றாகப் பதிவான உண்மை. முன் மாதிரி உடனே சுழற்றப்படும். பின் மாதிரி வார்டு ட்ரேயில் காத்திருக்கும். இப்படி நூறு பேரிடமும் ஒரே விதமாக நடந்தால் முன், பின் என்ற இரண்டு தலைப்புகளுக்குக் கீழே இருப்பது எடுத்த விதத்தின் வேறுபாடாகவே முடியலாம். புள்ளிவிவரம் அதைப் பிரித்துக் காட்டாது, ஏனென்றால் அதற்குக் கொடுத்த பட்டியலில் அந்த விவரமே இல்லை.

ஏற்றத்துக்கு எடை அதிகம் என்று சொன்னதன் காரணம் இதிலிருந்தே வருகிறது. காயம் ஆறி, தையல் பிரித்து, மருந்துகள் நின்று, நோயாளி வீட்டுக்கு வந்து மூன்று நான்கு மாதங்கள் கழித்து எடுக்கும் ரத்தம் ஓர் அமைதியான உடலின் ரத்தம். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நேரத்தில், அதே வகைக் குழாயில், அதே முறையில் எடுத்தால் அந்த ஆளுக்கே உரிய ஒரு மட்டம் தெரியவரும். ஒவ்வொருவரின் மட்டமும் வேறு. ஊருக்குப் பொதுவான ஒரு எல்லை எண்ணை வைத்துக்கொண்டு இதில் பேச முடியாது. அந்த மட்டத்திலிருந்து, சிவப்பணு உடையவில்லை என்று சரிபார்த்த மாதிரியில், நிறமிச் செல்லுக்கு நெருக்கமான ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. தொடர்ந்து இரண்டு முறை ஏறினால் அங்கே காயமும் ஹெப்பாரினும் காரணமாக நிற்க முடியாது. குமமோட்டோ கட்டுரையில் எல்லோரும் இறக்கத்தை எடுத்துச் சொல்கிறார்கள். நோய் திரும்பியபோது மறுபடி ஏறியது என்ற அடுத்த பாதிதான் எனக்கு அதன் உயிர். அங்கும் கவனம் வேண்டும். காய்ச்சல், வேறு நோய், புது மருந்து எல்லாம் ரத்தத்தை அசைக்கும். மிர்-211 பல மெலனோமாக்களில் குறைந்துபோவதும் உண்டு. நிறமியே இல்லாத கட்டியை அது தவறவிடக்கூடும். அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல் சிலவற்றைச் சேர்த்துப் பார்ப்பது நியாயம். மெலனோமாவுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள எல்.டி.எச். என்ற நொதிச் சோதனைக்கும் இதே பலவீனம் உண்டு என்பதை ஆய்வகத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். சிவப்பணு உடைந்தால் முதலில் பொய்யாக ஏறும் எண் அதுதான்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.யை விட்டுவிட்டு, ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.யைத் தேடலாமே என்பவர்கள் சொல்வதில் உண்மை அதிகம். கட்டியில் மட்டுமே உள்ள மரபுப் பிறழ்வைத் தேடும்போது சிவப்பணு உடைந்ததோ காயம் ஆறியதோ அந்தப் பிறழ்வை உண்டாக்காது. அந்த மேன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் தேடப்படுவது பி.ஆர்.ஏ.எஃப். என்ற மரபணுவின் பிறழ்வு. வெயிலால் வரும் வெள்ளையர் மெலனோமாவில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் அது இருக்கும். உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் வகையில் மிகக் குறைவு. கட்டி முழுதும் அறுத்தெடுத்த பின் மிச்சம் மீதியாக உள்ள சில செல்களிலிருந்து வரும் டி.என்.ஏ. ஒரு குழாய் ரத்தத்தில் அகப்படாமலும் போகலாம். நம்மூர் நோயாளிகளுக்கு டி.என்.ஏ. வழி பயன்பட வேண்டுமானால் முதலில் அவர்கள் கட்டியை விரிவாகப் படித்து அவரவர் பிறழ்வைக் கண்டாக வேண்டும். அது செலவு மிகுந்தது. அதுவரை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கு ஒரு துணை இடம் உண்டு, துணை இடம் மட்டுமே. இன்றைக்கு மெலனோமா பின்தொடர்தலில் எந்த வழிகாட்டி நெறியும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு இதை இப்போதே நோயாளிக்கு விற்பது தவறு என்பது என் கருத்து.

இந்தியாவில் மெலனோமா ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவரைக்கூட எட்டாத நோய், இதற்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. அரிது என்பதாலேயே இங்கே அது பிந்திப் பிடிபடுகிறது. பொழியூர் கடற்கரையில் வெறுங்காலோடு வலை இழுப்பவர், தென்னை ஏறுபவர், ரப்பர் தோட்டத்தில் நடப்பவர் என்று பாதத்தால் வேலை செய்யும் ஊரில் உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு வந்தால் முள் குத்தியது, கால் ஆணி, சர்க்கரைப் புண் என்று மாதங்கள் போய்விடும். நகத்தடிக் கறுப்பு அடிபட்ட ரத்தக்கட்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். கறுத்த தோலுக்கு மெலனோமா வராது என்ற நம்பிக்கையும் ஆழமாக இருக்கிறது. பாடகர் பாப் மார்லி 1981-இல் தம் 36-ஆம் வயதில் இறந்தது கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால். நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தாரிடமும் ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் நிறமிதான் கூடக்குறைய. ஆக, நமக்கு வரும் நோய் வேறு வகை, மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வுகளில் பெரும்பாலானவை எழுதப்பட்டது வெயில் வகையைப் பற்றி. அந்த எண்களை இங்கே கொண்டுவந்து வைக்க எந்த நியாயமும் இல்லை. நம் நோயாளிகளிடமிருந்தே அவை வர வேண்டும்.

அப்படி ஒரு வேலைக்கு இந்த நிலம் புதிதல்ல. 1956-இல் எல்லைக்கோடு விழும் முன் நெய்யாற்றின்கரையும் நெய்யூரும் ஒரே திருவிதாங்கூர். எவரெஸ்ட் பயணங்களில் 1922-இலும் 1924-இலும் சென்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் வாய்ப்புற்றை அறுத்தார். அங்கே பணியாற்றிய ஓர் என்ற பெயருடையவர், வெற்றிலை போடுகிற திருவிதாங்கூர் மக்களின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் 1981-இல் தொடங்கியது. அந்த மையம் இதே மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் நடத்திய வாய்ப்புற்று ஆய்வு 2005-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததிலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. இருந்தது கட்டுப்பாடு: பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகள் ஏழு, பார்க்கப்படாமல் ஒப்பீட்டுக்கு வைத்தவை ஆறு. மெலனோமா ரத்த ஆய்வுகளில் பலவற்றில் இல்லாமல் போனது அந்த ஒப்பீடுதான்.

நான் கேட்பதைச் செய்யச் செலவு அதிகம் என்பது கடைசி மறுப்பு. பெரும்பகுதிக்குச் செலவே இல்லை. 21 கேஜ் ஊசி. கையில் கட்டு ஒரு நிமிடத்துக்குள் அவிழ வேண்டும். ஸ்பிரிட் உலர்ந்த பிறகே குத்த வேண்டும். தோல் செல்கள் கலந்திருக்கும் முதல் குழாயை வேறு சோதனைக்கு ஒதுக்கி, இரண்டாவதை இதற்கு எடுக்க வேண்டும். கேனுலாவிலிருந்து எடுக்கவே கூடாது. சிரிஞ்சில் இழுத்த ரத்தத்தை ஊசி வழியே குழாய்க்குள் அழுத்தித் தள்ளக் கூடாது. குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்ற வேண்டும்; தட்டணுக்கள் போக மறுபடி அதிக வேகத்தில் ஒருமுறை. சீரமும் பிளாஸ்மாவும் ஒன்று என்று நினைக்கக் கூடாது, உறையும்போது தட்டணுக்கள் தங்கள் சரக்கைக் கொட்டிவிடுகின்றன. குளத்தூரில் எடுத்த முழு ரத்தத்தை ஸ்கூட்டரில் முப்பது நாற்பது கிலோமீட்டர் மேடுபள்ளத்தில் ஆட்டிக்கொண்டு நகரத்துக்கு அனுப்புவது இந்தச் சோதனைக்கு உதவாது. இங்கேயே பிரித்து உறைய வைத்து அனுப்ப வேண்டும். அதற்கான குளிர்பெட்டி ஒன்றுதான் உண்மையான செலவு. எடுத்த மணி, சுழற்றிய மணி, ஹெப்பாரின் போட்டதா, எந்தக் கையில் எடுத்தது என்று நான்கு வரி எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

ஒப்பீட்டுக்கு ஆள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பாதத்தில் புற்றல்லாத கட்டி, ஆறாத புண் என்று அதே மருத்துவமனைகளில் அதே அளவு தோலை வெட்டி ஒட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்புதல் பெற்று அவர்களிடமும் அறுவைக்கு முந்தைய நாள், மூன்றாம் நாள், மூன்றாம் மாதம் என்று அதே கையால் ரத்தம் எடுக்க வேண்டும். அவர்களிடமும் மிர்-221 இறங்கினால் அது காயத்தின் இறக்கம். அவர்களிடம் இறங்காமல் மெலனோமா நோயாளிகளிடம் மட்டும் இறங்கினால், அந்த எண்ணை அறிக்கையில் எழுத எனக்குத் தயக்கம் இருக்காது.